எண்பது பேருக்குப் புகைச் சர்பத்து

ஒரு சொட்டுச் சாராயம் இல்லாமல் ஒரு கிரேக்கக் கப்பல் கேப்டனைக் கிறங்கடிப்பது என்று நான் தீர்மானம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். தீர்மானங்களுக்கும் எனக்கும் அவ்வளவு ராசி கிடையாது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் எடுத்த தீர்மானங்களில் நிறைவேறியது ஒன்றே ஒன்று. மீசையை எடுப்பது. அதுவும் பிளாரன்ஸ் சொல்லி எடுத்தது.

பிளாரன்ஸ் என் மனைவி. நான் மனுவேல் மச்சாது, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தலைமை குமாஸ்தா. வீடு மில்லர்புரத்தில். ஒரே மகள், மணப்பாட்டில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒருவர் ஆளுங்கட்சி. மற்றவர் நான்.

இது நடந்தது எழுபத்தைந்தில். முந்தின வருஷம்தான் சர்க்கார் மதுவிலக்கைத் திரும்பவும் கொண்டுவந்திருந்தது. அந்தச் சமயம் பார்த்துப் புதுத் துறைமுகத்துக்குக் கோதுமை ஏற்றிக்கொண்டு அந்தக் கிரேக்கக் கப்பல் வந்து சேர்ந்தது. கேப்டன் ஆறடிக்கு மேல் உயரம், தாடி தனி. மூன்று மாதமாகக் கப்பல் சாப்பாடு சாப்பிட்டு நாக்கு மரத்துவிட்டது, ஒரு வீட்டில் உட்கார்ந்து வீட்டுச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று எங்கள் மேனேஜரிடம் ஆசையாகக் கேட்டுவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னாராம். பொழுது சாய்கிற நேரத்தில் புகை வாசத்தோடு ஏதாவது ஒரு கிளாஸ் கையில் இருந்தால்தான் தனக்குச் சாப்பாடு இறங்கும் என்று.

மேனேஜர் ஜெயசிங் நாசரேத்துக்காரர். நாலு தலைமுறையாகக் குடியைத் தொடாத குடும்பம். காபியையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறவர். அவர் வீட்டில் அப்போது வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்ததால் என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு விருந்து உங்கள் வீட்டில், நானும் என் மனைவியும் வருகிறோம், மது வாடை வரக் கூடாது, ஆனால் கேப்டன் முகம் வாடவும் கூடாது என்றார். அந்தக் கம்பெனியின் கப்பல்கள் இனிமேலும் நம் ஏஜென்சிக்கே வருமா, பக்கத்து ஏஜென்சிக்குப் போகுமா என்பது கேப்டன் ஊருக்குப் போய் எழுதுகிற கடிதத்தில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

எனக்கு இருபது வருஷக் கப்பல் அனுபவம். கையெழுத்து வாங்கக் கப்பல் ஏறும்போதெல்லாம் அங்கே பரிமாறுகிற ஸ்டூவர்டுகள் ஒரு தகரக் குவளையைக் காதோரம் தூக்கிப் பிடித்துக் குலுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பழச்சாறு, ஐஸ், சாராயம், குலுக்கல். அதில் சாராயத்தைக் கழித்துப் புகையைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது. இவ்வளவுதானே.

வீட்டுக்கு வந்ததும் பிளாரன்ஸிடம் சொன்னேன்.

"ஏளா, ஞாயித்துக்கிழமை விருந்துக்கு நான் காக்டெயில் செய்யப் போறேன்."

"அப்படின்னா?"

"காக்னா சேவல். டெயில்னா வால்."

"கோழிக்குச் சொல்லியாச்சு. வாலு தனியா வேணும்னா கடைக்கார அண்ணாச்சிட்ட இப்பமே சொல்லணும்."

"அது குடிக்கதுளா."

"வாலையா?"

இங்கிலீஷில் அவள் என்னைவிடக் கெட்டி. தெரிந்துகொண்டேதான் கேட்கிறாள் என்பது எனக்கும் தெரியும். விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பழமும் புகையும்தானே, வேண்டுமானால் நான் செய்து தருகிறேன் என்றாள். இது அடுப்பங்கரை சமாச்சாரம் இல்லை, கப்பல் சமாச்சாரம் என்றேன். அவள் "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் எதிர்த்துப் பேசினால் நான் பயப்படுவதில்லை. "சரி" என்றால்தான் பயம்.

வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து வேலையைத் தொடங்கினேன். அன்னாசிப் பழத்தைப் பிழிந்து சாறெடுத்து ஒரு கூஜாவில் ஊற்றினேன். புகைக்கு என் மூளையில் ஒரு யோசனை. ஒரு சுருட்டைப் பற்றவைத்து, பப்பாளி இலைக் காம்பைக் குழாயாக வைத்து, புகையை இழுத்து இழுத்துச் சாற்றுக்குள் ஊதினேன். சாறு முழுக்கக் குமிழி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் ஊதியதில் எனக்குத் தலை சுற்றியது. மது இல்லாமலே கிறக்கம் வரும் என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது. ஆனால் வாயில் வைத்துப் பார்த்தால், யாரோ அன்னாசிப் பழத்தில் சுருட்டை அணைத்த மாதிரி இருந்தது. குலுக்கினால் சரியாகும் என்று நினைத்துக் கூஜாவைக் காதோரம் தூக்கிக் குலுக்கினேன். மூடி எங்கே போனது என்று தெரியவில்லை. சாறு காலண்டரில் போய் விழுந்தது. அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் பதினேழாம் தேதி ஒட்டிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை சாம்பிராணி. புகை என்றால் அதைவிடப் புகை எது? அடுப்பில் கங்கு எடுத்து ஒரு கை நிறையப் போட்டேன். அஞ்சே நிமிஷத்தில் அடுப்பங்கரையில் எனக்கே என் கை தெரியவில்லை. பக்கத்து வீட்டு அருணாசலவடிவு அக்கா, வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து, ஒரு வாளித் தண்ணீரோடு பின்வாசலில் வந்து நின்றாள். வந்தவளுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, அதை எங்கே துப்புவது என்று இடம் தேடினாள். பிறகு, "அண்ணாச்சி, ஒங்க கோயில்ல வந்து நின்ன மாதிரி இருக்கு, கும்புடுததா குடிக்கதான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த தண்ணீரில் வாயைக் கொப்புளித்துவிட்டுப் போனாள்.

நான் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஐந்து மணிக்குக் கேப்டன் வருவார். வேட்டியிலிருந்து தலைமுடிவரை சாம்பிராணி. இருபது வருஷ வேலை கண்ணுக்கு முன்னால் புகையாய்ப் போய்க்கொண்டிருந்தது. பிளாரன்ஸ் வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. போய்க் குளியுங்கள் என்றாள். நாளைக்குப் பூசை முடிந்ததும் ஐஸ் பாக்டரிக்கு நேராகப் போய் ஐஸ் வாங்கிவாருங்கள், மீன் கம்பெனி ஐஸ் வேண்டாம், கேப்டனுக்குச் சாளை மீன் வாசம் தெரிந்துவிடும் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் மத்தியானம் அவள் செய்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். அன்னாசியை வட்டம் வட்டமாக நறுக்கி, தேங்காய்ச் சிரட்டைக் கரி நெருப்பில் கம்பிமேல் வைத்து, ஓரம் கறுக்கிற பதத்தில் வாட்டி எடுத்தாள். அதை இடித்துப் பிழிந்து, மெல்லிய துணியில் வடிகட்டினாள். உடன்குடிக் கருப்பட்டியை இஞ்சி தட்டிப்போட்டுக் காய்ச்சி ஆறவைத்து அதில் சேர்த்தாள். எலுமிச்சம்பழம் இரண்டு. உப்பு ஒரு சிட்டிகை. பிறகு ஒரு புது மண்பானையைக் கழுவித் துடைத்து, கனன்றுகொண்டிருந்த சிரட்டைத் துண்டுமேல் ஒரு பட்டைக் குச்சியைப் போட்டு, பானையை அதன்மேல் கவிழ்த்தாள். பானை நிறையப் புகை பிடித்ததும் நிமிர்த்தி, சட்டென்று சாற்றை ஊற்றி, தட்டைப் போட்டு மூடிவிட்டாள். கால் மணி நேரம் அதைத் தொடாதீர்கள் என்றாள். கப்பலில் மாதிரி குலுக்க வேண்டாமா என்று கேட்டேன். அவள் காலண்டரைப் பார்த்தாள்.

ஐஸ் போட்டு எனக்கு அரைக் கிளாஸ் கொடுத்தாள். முதலில் புகை மூக்கில் வந்து தொட்டது. அப்புறம் பழத்தின் புளிப்பு. அது போனபிறகு கருப்பட்டி மெதுவாகத் தொண்டையில் இறங்கியது. சாயங்காலக் கடல்காற்றில், தூரத்தில் எங்கோ அடுப்பு மூட்டியிருக்கிற வாசம் வருமே, அப்படி இருந்தது. நான் இன்னொரு அரைக் கிளாஸ் கேட்டேன். தரவில்லை.

ஐந்து மணிக்குக் கேப்டன் வந்தார். மேனேஜரும் அவர் மனைவி கிரேசி அம்மாளும் வந்தார்கள். அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ், கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். மேனேஜர் கிளாஸை முதலில் மோந்து பார்த்தார். முகம் மாறியது. இதில் மது இல்லை என்று பைபிள்மேல் சத்தியம் செய்வேன் என்றேன். குடித்தார். மறுபடியும் குடித்தார். கேப்டன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண்ணில் ஈரம். தன் ஊர்த் தீவில் மாலை நேரம் இப்படித்தான் மணக்கும் என்றார். இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

நான் அந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "நான்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேப்டன் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய வேகத்தில் இன்னும் கொஞ்சம் பொய் வெளியே வந்தது. என் தாத்தா முத்துக்குளிப்பில் பேர் பெற்றவர் என்றேன். மூச்சடக்கிக் கடலடிக்குப் போய் எழும்புகிறவர்களுக்குக் குளிர் விட இதைத்தான் கொடுப்பார்கள், எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு மட்டுமே சொல்லித்தரும் ரகசியம் என்றேன். கேப்டன் இதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பிளாரன்ஸ் அடுப்பங்கரை வாசலில் மீன் சட்டியோடு நின்றாள். மத்தியானத்திலிருந்து புகையில் நின்று அவள் கண் சிவந்திருந்தது. புகழ் எனக்கு, புகை அவளுக்கு. அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவள் சிரித்தாள்.

"ஆமா சார், அவியதான். என்னைய அடுப்புப் பக்கமே விட மாட்டாவ. அந்தக் கைப்பக்குவம் எனக்கு வராது."

மேனேஜருக்கு ஆச்சரியம். அப்படியானால் சாப்பாடும் இவர்தானா என்று கேட்டார்.

"இந்த வீட்டு அடுப்பங்கரையில அவிய கைபடாத சாமான் ஒண்ணு கெடையாது" என்றாள்.

அது உண்மைதான். இரண்டு நாளில் எல்லாவற்றையும் உடைத்து, கவிழ்த்து, கரிபிடிக்க வைத்திருந்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டே கோழிக்காலைக் கடித்தேன். சாப்பாடு முடிந்து கிரேசி அம்மாள் உள்ளே போய், பிளாரன்ஸோடு ஒரு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பெண்கள் பேச்சு, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கப்பல் புறப்படும் முன்பே கேப்டன் தன் கம்பெனிக்கு நல்லபடியாக எழுதிப் போட்டுவிட்டாராம். அடுத்த மாதம் நம் ஏஜென்சியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. துறைமுக அதிகாரிகள், வியாபாரிகள் எல்லாரும் குடும்பத்தோடு வருகிறார்கள். மொத்தம் எண்பது பேர். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, நீங்களே உங்கள் கையால் அதைச் செய்து கொடுக்க வேண்டும் என்றார். உங்கள் குடும்ப ரகசியம் என்பதால் வேறு யாரும் உதவிக்கு வர மாட்டார்கள் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. பிளாரன்ஸிடம் விஷயத்தைச் சொல்லி, நீ மறைவில் இருந்து செய்து கொடு, நான் எடுத்து வைக்கிறேன் என்றேன். அது எப்படி முடியும், மேடைக்குப் பக்கத்தில் மறைவு ஏது என்றாள். ஆண்களுக்கு மட்டும் சொல்லித்தருகிற ரகசியம் தனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டாள். ஒரு மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் இரக்கப்பட்டாள்.

"சொல்லித் தாரேன். ஆனா முதல்ல இருந்து படிக்கணும். நெருப்பு அளவு தெரியாதவுகளுக்குப் புகை அளவு தெரியாது."

முதலில் இருந்து என்றால் எவ்வளவு முதலில் என்று நான் அப்போது கேட்கவில்லை. முதல் வாரம் அடுப்பு மூட்டவும் சோறு வடிக்கவும் படித்தேன். சோறு பதம் தெரிந்தால்தான் கருப்பட்டிப் பதம் தெரியுமாம். இரண்டாவது வாரம் சாம்பார், பொரியல். காய் நறுக்கப் பழகினால்தான் அன்னாசி வட்டம் ஒரே கனத்தில் வருமாம். மூன்றாவது வாரம் மீன் ஆய்ந்து குழம்பு வைத்தேன். அதற்கும் சர்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். புளிப்பு அளவு என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. எல்லாமே நியாயமாகவும் இருந்தது. தினமும் காலை ஐந்தரைக்கு எழுப்பிவிட்டு, தான் முக்காலியில் உட்கார்ந்து கையில் ஏதோ புத்தகத்தை வைத்துக்கொண்டு, தலை நிமிராமலே "தீயைக் குறைங்க" என்பாள். சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும்.

ஒளிப்பானேன். நாலாவது வாரம் சர்பத்துக்கு வந்து சேர்வதற்குள் எனக்குச் சமையல் பிடித்துப்போய்விட்டது. கடுகு வெடிக்கிற நேரத்தில் கறிவேப்பிலையைப் போடும்போது ஒரு சத்தம் வருமே, அதற்காகவே ஒரு நாள் இரண்டு தடவை தாளித்தேன். ஒரு சனிக்கிழமை நான் வைத்த ரசத்தை அவள் கிளாஸில் ஊற்றிக் குடித்தாள். இரண்டாவது கிளாஸ் கேட்டாள். கல்யாணத்தன்று அவள் சம்மதம் என்று சொன்னபோதுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் வரவில்லை.

விழா சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. பதினெட்டு அன்னாசி, ஆறு மண்பானை, ஒரு சாக்கு சிரட்டை. நான் தனியாளாகச் செய்தேன். வாட்டினேன், பிழிந்தேன், பானையைக் கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். துறைமுக அதிகாரி ஒருவர் மூன்று கிளாஸ் குடித்தார். மேனேஜர் என்னை மேடையில் ஏற்றி, மைக்கைப் பிடித்துப் புகழ்ந்தார். முத்துக்குளித்த என் தாத்தாவையும் புகழ்ந்தார். எண்பது பேரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது வரிசையில் கிரேசி அம்மாளுக்குப் பக்கத்தில் பிளாரன்ஸ் உட்கார்ந்திருந்தாள். அவளும் கை தட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு மாதமாக எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் கீழே இருக்கிறாள், நான் மேலே நிற்கிறேன். மைக்கை வாங்கினேன். முதன்முதலில் இதைச் செய்தது என் மனைவி என்று சொன்னேன். விருந்தன்று நான் சொன்னதெல்லாம் பொய், என் தாத்தா முத்துக் குளிக்கவில்லை, அவர் குளித்ததே அபூர்வம், ஜவுளிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தார் என்றேன். முதலில் மேனேஜர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் கைதட்டல் முன்னைவிடப் பலமாக வந்தது. பிளாரன்ஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

ரிக்‌ஷாவில் வீட்டுக்குத் திரும்பும்போது இன்னும் வெயில் இருந்தது. கடல்காற்று முகத்தில் அடித்தது. என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம்.

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். இப்பம் திருப்திதானளா?"

"திருப்திதான். நீங்க சொல்லிருவியன்னு எனக்குத் தெரியும். கிரேசி டீச்சர்தான் நம்பல."

"அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"விருந்தன்னைக்கே அடுப்பங்கரையில வச்சுச் சொல்லிட்டேன். மேனேஜர் ஐயாவுக்கும் தெரியும். எண்பது பேரைக் கூப்பிடச் சொன்னதும் நாந்தான். ஐயா பாவம், நாப்பது பேரு போதும்னாவ."

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. பிளாரன்ஸ் கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் டிரெயினிங் முடித்தவள். வேலைக்குப் போகட்டுமா என்று என்னிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். மூன்று தடவையும் நான் ஒரே பதில்தான் சொன்னேன். வீட்டில் சமையலை யார் பார்ப்பது என்று.

"டீச்சர் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாசுக்கு ஆள் வேணுமாம்" என்றாள். "வீட்டுல இன்னொருத்தர் சமையல் படிச்ச ஒடனே வாரேன்னு சொல்லியிருந்தேன். திங்கக்கிழமை சேருதேன்."

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ரிக்‌ஷா மில்லர்புரம் திருப்பத்துக்கு வந்துவிட்டது, கோபம் வரவில்லை. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, இப்போதே வகுப்புக்குப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பதினாறு வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இருந்தது. தோற்றவன் பெருந்தன்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, திங்கட்கிழமை ஏழரைக்கு டிபன் கேரியர் தயாராக இருக்கும் என்று சொன்னேன். மீன் குழம்பு ஒரு அடுக்கு, சோறு ஒரு அடுக்கு, கடைசி அடுக்கில் என் கையால் செய்த புகைச் சர்பத்து என்றேன்.

"சர்பத்து மட்டும் வேண்டாம்" என்றாள் பிளாரன்ஸ். "எனக்கு அந்தப் புகை நாத்தமே ஆகாது."